தன் விளையாட்டுப் பாத்திரத்தைத் தானே வரைய: காரணம் கேட்கும் மனத்துக்கு எந்த வழி பொருந்தும்?

இணைய விளையாட்டு ஒன்றில் பல ஆண்டுகள் ஒரே பாத்திரத்தோடு உலவியவருக்கு, அந்தப் பாத்திரத்தைத் தம் கையாலேயே வரைந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். அதன் கொம்பு எந்த இடத்தில் வளைகிறது, கன்னத்துச் செதில் எங்கே முடிகிறது, எந்த அங்கி எந்தச் சண்டையில் கிடைத்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆகவே வேறொருவர் எவ்வளவு அழகாக வரைந்து கொடுத்தாலும் மனம் முழுதாக நிறைவதில்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லுகளைச் சோதிக்கும் பொறியாளராக வேலை பார்க்கும் என் அண்ணன் மகளுக்கும் இந்த ஆசை வந்தது. "சித்தப்பா, எதிலிருந்து ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அவளைப் போல ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுப் பழகிய இளையோர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஓவியம் பற்றி அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் "நிறைய வரை, தானாக வந்துவிடும்" என்பதோடு நின்றுவிடுவதால், அவளுக்குச் சொன்னதை இன்னும் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நிறைய வரைய வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிரல் எழுதுபவரும், சோதனைக் கருவியோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவரும், விளையாட்டில் எந்தத் திறனை எத்தனை நொடி இடைவெளியில் பயன்படுத்துவது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவரும் ஒரே வகையில்தான் கற்கிறார்கள்: ஒன்றைச் செய்கிறார்கள், அது எங்கே பிசகியது என்று உடனே பார்க்கிறார்கள், அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றி மீண்டும் செய்கிறார்கள். ஓவியத்தில் இவர்கள் சோர்ந்து போவதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. படம் சரியில்லை என்று கண் சொல்கிறது, எந்தக் கோடு சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. எனவே, போட்ட கோடு சரியா தவறா என்பதை இன்னொருவர் உதவியின்றி வரைபவரே கண்டுகொள்ள எந்த வழி இடம் கொடுக்கிறதோ, அந்த வழியே இத்தகையவருக்கு முதல் வழியாக இருக்க வேண்டும். கீழே உள்ள வழிகளை எல்லாம் இந்த ஓர் அளவுகோலை முன்வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலாவது, உருவத்தை எளிய திண்மங்களாகக் கட்டி எழுப்பும் வழி. தலையை ஒரு பந்தாகவும் அதன் முன்புறம் ஒட்டிய ஆப்பாகவும், மார்புக்கூட்டை முட்டையாகவும், இடுப்பைப் பெட்டியாகவும், கை கால்களை உருளைகளாகவும் முதலில் போட்டுக்கொண்டு, அவற்றின் மேல் தசையையும் உடையையும் ஏற்றுவார்கள். இதற்கு அடித்தளம் பெர்ஸ்பெக்டிவ். இணையான கோடுகள் தொலைவில் ஒரே புள்ளியை நோக்கிக் குவியும் என்ற விதியை இத்தாலியரான ஆல்பெர்ட்டி 1435இல் எழுத்தில் வடித்தார். இன்று முப்பரிமாண விளையாட்டின் ஒவ்வொரு சட்டகத்தையும் திரையில் காட்டும் கணிதமும் அதே விதியின் வழிவந்ததுதான். விளையாடுபவர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கையால் செய்து பார்க்கிறார், அவ்வளவே.

இந்த வழியின் பெருஞ்சிறப்பு அதன் சோதிக்கத்தக்க தன்மை. அண்ணன் மகளின் பாத்திரம் ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட்டில் வரும் ஔரா இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தாருக்குக் காது இருக்க வேண்டிய இடத்தில் தலையின் இருபுறமும் கொம்புகள் இருக்கும். முக்கால்வாசி திரும்பிய முகத்தை அவள் வரைந்தபோது அருகிலுள்ள கொம்பு நன்றாக வந்தது. தொலைவிலுள்ள கொம்பு மட்டும், கன்னத்தின் வெளிக்கோட்டில் பசை போட்டு ஒட்டியது போல இருந்தது. அழித்து அழித்துப் போட்டும் சரியாகவில்லை, ஏனெனில் பிழை கொம்பின் வடிவத்தில் இல்லை. அது முளைக்கும் இடத்தில் இருந்தது. மண்டையைக் கண்ணாடியால் செய்தது என்று வைத்துக்கொண்டு, இரண்டு கொம்புகளின் அடியையும் குறிக்கச் சொன்னேன். இரண்டு அடிகளையும் இணைக்கும் கோடு, இரண்டு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு உண்மையில் இணையானது. ஆகவே தாளில் அவ்விரண்டு கோடுகளும் ஒரே பக்கம் மெல்லக் குவிய வேண்டும். அவள் போட்ட கோடுகளோ அந்தப் பக்கம் விரிந்தன. தொலைக்கொம்பின் அடியைக் கன்னத்துக்குப் பின்னால் தள்ளி, மறையும் பகுதியையும் சேர்த்து முழுக் கொம்பையும் வரைந்து, பிறகு மறைந்த பகுதியை அழித்ததும் தலை சட்டென்று திண்மம் பெற்றது. அடுத்த முறை யாரையும் கேட்காமல் ஓர் அளவுகோலை வைத்தே அவளால் சரிபார்க்க முடிந்தது. வாலுக்கும் இதே கதைதான்: வளைந்த உருளையின் குறுக்கே போடும் நீள்வட்டங்களின் குறுகிய அச்சு, அந்த இடத்தில் வால் செல்லும் திசையிலேயே படுக்க வேண்டும் என்ற விதி ஒன்று போதும், தட்டையான வால் உருண்டுவிடும்.

இந்த வழியைத் தனியாகக் கற்பவர்களுக்கு டிரா அ பாக்ஸ் (Drawabox) என்ற இலவச இணையப் பாடத்திட்டம் பரவலாகத் தெரிந்த ஒன்று. அதில் 250 பெட்டிகளைத் தாளில் போட்டு, ஒவ்வொன்றின் விளிம்புகளையும் பின்னோக்கி நீட்டி அவை ஒழுங்காகக் குவிகின்றனவா என்று பார்க்கும் பயிற்சி உண்டு. இது சலிப்பூட்டும் என்பது உண்மை. ஆயினும் இவர்களுக்குச் சலிப்பு பெரிய தடையாக இருப்பதில்லை, விளையாட்டில் ஒரே அரக்கனை மீண்டும் மீண்டும் வீழ்த்திப் பொருள் சேர்த்த பழக்கம் கைகொடுக்கிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தர்க்கமாக யோசிப்பவர் எதையும் வரிசைப்படி முடிக்க விரும்புவார்: பெட்டி முடிந்த பின் உருளை, உருளை முடிந்த பின் உடற்கூறு, அது முடிந்த பின்தான் என் பாத்திரம் என்று தள்ளிக்கொண்டே போவார். அப்படித் தள்ளியவர்களில் பலர் பாத்திரத்தை வந்தடைவதே இல்லை. அந்தப் பாடத்திட்டமே இதை உணர்ந்து, வரையும் நேரத்தில் பாதியைப் பயிற்சி நோக்கமின்றி விரும்பியதை வரையவே செலவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. பலரும் இந்த விதியைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். நானோ இதைத்தான் மிக முக்கியமான விதியாகக் கருதுகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. பெட்டிகளால் மட்டுமே கட்டிய உடல் மரப்பாவை போல விறைத்து நிற்கும். அதற்கு மருந்தை அடுத்த வழியில் சொல்கிறேன். அதற்கு முன், அளந்து கட்டும் இந்த முறை மேற்கிலிருந்து மட்டும் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் சிற்பிகள் உருவத்தின் முழு உயரத்தையும் சம பங்குகளாகப் பிரித்து, அந்தப் பங்கையே அங்குலம் என்று கொண்டு, நெற்றிக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று வகுத்தார்கள். முகத்தின் நீளமான தாலத்தைக் கொண்டு உயரத்தை எண்ணும்போது, பத்துத் தாலமான உத்தம தசதாலத்தில் உருவம் 124 அங்குலம், ஒன்பது தாலமான நவதாலத்தில் 108 அங்குலம். விநாயகருக்கு அதனினும் குறைந்த பஞ்சதாலம். சிலை ஒரு சாண் உயரமானாலும் ஓர் ஆள் உயரமானாலும் விகிதம் மாறுவதில்லை. ஓவியப் பள்ளிகளில் சொல்லப்படும் ஏழரைத் தலை, எட்டுத் தலை உயரக் கணக்கும் இதே எண்ணத்தைச் சார்ந்ததே. ஆனால் தாலம் முகத்தின் நீளத்தையும் மற்றது தலையின் முழு உயரத்தையும் அலகாகக் கொள்வதால் இரண்டையும் கலந்துவிடக் கூடாது. விளையாட்டுப் பாத்திரம் வரைபவருக்கு இது நேரடியாகப் பயன்படும். தம் பாத்திரத்தை நேராக நிற்க வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உயரத்தில் எத்தனை தலை அடங்குகிறது என்று அளந்து, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவை எந்தெந்த இடத்தில் விழுகின்றன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அது அந்தப் பாத்திரத்துக்கே உரிய தாலமாகிவிடும். குட்டை உருவப் பாத்திரத்துக்கும் நெடிய வீரனுக்கும் ஒரே உடலைப் போட்டுத் தலையை மட்டும் மாற்றும் பொதுவான தவறு இதனால் தவிர்க்கப்படும்.

இரண்டாவது வழி, கண் முன் இருப்பதை அப்படியே கண்டு வரைதல். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளவெடுப்பது, செங்குத்துக் கோடு ஒன்றைக் கற்பனை செய்து எது அதற்கு இடப்புறம் எது வலப்புறம் என்று பார்ப்பது, பொருளை விட்டுவிட்டு இரு பொருள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரைவது ஆகியவை இதன் கருவிகள். இதிலும் சோதனை உண்டு. வரைந்ததையும் மூலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இதன் குறை என்னவென்றால், எங்கே பிழை என்று தெரியுமே தவிர ஏன் பிழை என்று தெரியாது. மேலும் விளையாட்டுப் பாத்திரம் நம் முன் வந்து உட்காரப் போவதில்லை. ஆகவே இதை மட்டுமே கற்றவர் ஸ்கிரீன்ஷாட் இருக்கும் நிலையில் மட்டுமே வரைய வல்லவராகிறார். பாத்திரம் மனத்தில் எப்படிப் பாய்கிறதோ அப்படி வரைய இயலாதவராகிறார்.

ஆனாலும் இதைத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் கட்டமைப்பின் விதிகளை நம்ப வைப்பது கண்தான். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், கடைவீடுகளின் முன்னே கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடி ஒன்றில், பொருள்கள் அடைக்காத இடமாகப் பார்த்து, அதன் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். தரையின் ஓரமும், கடைகளின் நிலைவரிசையும், மேலே கூரையின் கோடும் கண்மட்டத்தில் ஒரே புள்ளிக்கு ஓடும். தூண்கள் சம இடைவெளியில் நிற்பவை, பார்வைக்கோ நெருங்கிக்கொண்டே போகும். எவ்வளவு நெருங்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு தூண்களை வரைந்து, இரண்டாவது தூணின் நடுப்புள்ளியைக் குறித்து, முதல் தூணின் உச்சியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது தூண் நிற்கும். அப்படியே நான்காவதும் ஐந்தாவதும். தாளில் கணக்கிட்டு வைத்த தூணும் கண்ணெதிரே நிற்கும் தூணும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்த ஒருவருக்கு, பெர்ஸ்பெக்டிவ் என்பது மனப்பாடம் செய்யும் விதியாக இருந்த நிலை அன்றோடு மாறிவிடும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் பழைய கடைவீடுகள் எஞ்சியுள்ள துன் எச்.எஸ். லீ சாலையில் இதைச் செய்து பார்க்கலாம். இரு நகரங்களிலும் அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுவினர் தெருவில் கூடி வரைகிறார்கள்; தனியாகத் தெருவில் நின்று வரையக் கூச்சப்படுபவர்களுக்கு அவர்களோடு சேர்ந்து நிற்பது பெரிய துணை.

விறைப்பைப் போக்கும் மருந்தும் இந்த வழியிலேயே கிடைக்கிறது. அதை ஜெஸ்சர் என்பார்கள்: அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் ஓர் உடலின் ஓட்டத்தை மட்டும் சில கோடுகளில் பிடிப்பது. மாமாக் கடையில் தேநீர் ஆற்றுபவரின் கை எழும்போது அவருடைய எதிர்த்தோள் என்ன செய்கிறது என்று பார்த்து வரைவதுதான் இதற்கு நல்ல பள்ளி. காரணம் கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பயிற்சியைத் தவிர்க்கவே பார்ப்பார்கள், ஏனெனில் இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லாதது போலத் தோன்றும். அப்படியில்லை. ஒரு காலில் எடை தாங்கி நிற்கும் மனிதரின் கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழே ஒரு தூக்குநூல் விட்டால், அது எடை தாங்கும் பாதத்தின் மேல் வந்து விழும்; அந்தக் காலின் பக்கத்து இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் தாழும். இதைத்தான் நம் சிற்பிகள் சமபங்கம், அபங்கம், திரிபங்கம் என்று நடுக்கோட்டிலிருந்து உடல் வளையும் அளவைக் கொண்டு பிரித்தார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து நடப்பவரைக் கவனித்தவர்களுக்கு, தோளில் ஏறிய எடை ஒவ்வோர் அடியிலும் இடுப்பின் வழியாக எந்தக் காலுக்கு இறங்குகிறது என்பது கண்ணில் நிற்கும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரைந்து, தூக்குநூலைப் போட்டுப் பார்க்கலாம். பெரிய வாளைத் தோளில் சாத்தி நிற்கும் விளையாட்டு வீரனை வரையும்போது அந்த எடை அப்படியே உதவும்.

மூன்றாவது வழி, ஸ்கிரீன்ஷாட்டின் மேல் தடம் பிடித்து வரைவது, அல்லது கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் என்ற ஓவிய மென்பொருளில் உள்ளது போன்ற முப்பரிமாணப் பொம்மையை வேண்டிய நிலையில் நிறுத்தி அதன் மேல் வரைவது. தொடங்குபவரை மிகவும் கவர்வது இதுவே, காரணம் முதல் நாளிலேயே கண்ணுக்கு உகந்த படம் ஒன்று வந்துவிடும். என் அளவுகோலால் பார்த்தால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: தவறு செய்யவே வாய்ப்பில்லாததால் கற்பதற்கும் வாய்ப்பில்லை. இன்னொன்று, விளையாட்டின் உருவம் நாம் நினைக்கும் அளவு சரியானதன்று. மேலங்கி தொடையை ஊடுருவிச் செல்லும், கூந்தல் தோள்கவசத்துக்குள் புகும், விரல்கள் வாளின் பிடியைத் தொடாமலே பிடித்திருக்கும். ஆடும்போது கவனத்துக்கு வராத இவை கோட்டில் வந்ததும் பளிச்சென்று உறுத்தும். கேமராவின் தொலைவும் ஏமாற்றும். முகத்துக்கு மிக அருகில் கேமராவைக் கொண்டுசென்று எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுப்பகுதி சுருங்கியும் இருக்கும், அதைத் தடம் பிடிப்பவர் தம் பாத்திரத்தின் முகமே அது என்று பதிந்துகொள்வார். விளையாட்டு இடங்கொடுத்தால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பார்வைக் கோணத்தைக் குறுக்கி எடுக்க வேண்டும்.

அதற்காக இந்தக் கருவிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. இவற்றை வரையும் முன் பயன்படுத்துவதை விட்டு வரைந்த பின் பயன்படுத்தச் சொல்கிறேன். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் குரூப் போஸ் என்ற வசதி இருக்கிறது; அதில் பாத்திரத்தை உறையச் செய்து, சுற்றிலும் கேமராவை நகர்த்தி, விளக்குகளையும் வேண்டிய இடத்தில் வைக்கலாம். முதலில் மனத்திலிருந்து திண்மங்களால் கட்டி வரைய வேண்டும். பிறகு அதே நிலையில் பாத்திரத்தை நிறுத்திப் படமெடுத்து, நம் படத்தின் மேல் பாதி வெளிப்படையான லேயராக ஏற்றிப் பார்க்க வேண்டும். இடுப்பு எவ்வளவு தாழ்ந்துவிட்டது, தலை எவ்வளவு பெருத்துவிட்டது என்பது அங்கேயே தெரியும். இந்த வரிசையில் செய்தால், தடம் பிடிக்கும் கருவியே நாள்தோறும் கிடைக்கும் ஆசிரியராகிவிடுகிறது. இவ்வளவு துல்லியமான விடைத்தாள் பழைய தலைமுறை ஓவிய மாணவர் எவருக்கும் கிடைத்ததில்லை.

பிடித்த ஓவியரின் பாணியைப் பார்த்துப் படியெடுப்பது நான்காவது வழி. மங்கா பாணிக் கண்களும் கூந்தல் கற்றைகளும் இதனால் விரைவில் கைக்கு வரும். கற்பவர் அந்த ஓவியர் எதை விட்டுவிட்டார் என்பதைப் பார்க்கத் தெரிந்த பிறகு இதைச் செய்வது நல்லது. அதற்கு முன் செய்தால் முன்பக்க முகமும் முக்கால் முகமும் தவிர வேறு கோணமே வராமல் நின்றுவிடும். செயற்கை நுண்ணறிவிடம் வரையச் சொல்வதையும், ஓவியர் ஒருவருக்குப் பணம் கொடுத்து வரைந்து வாங்குவதையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். படம் மட்டும் போதும் என்பவருக்கு ஓவியரிடம் வாங்குவது மதிப்புக்குரிய முடிவு, அதனால் ஒரு கலைஞருக்கு வருமானமும் கிடைக்கிறது. கற்க வேண்டும் என்று வந்தவருக்கு இரண்டுமே விடையாகா.

அடுத்து, எதில் வரைவது என்ற கேள்வி. இங்கேதான் விளையாடுபவர்கள் தேவைக்கு மிஞ்சிய நேரத்தைச் செலவிடுகிறார்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி, கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் டேப்லெட்டுக்கு விலை கேட்பதும், அந்தப் பேனாவின் அழுத்த உணர்திறன் 8192 நிலைகளா அதற்கும் மேலா என்று ஒப்பிடுவதும் அவர்களுக்கு இயல்பாகவே பிடித்தமான வேலை. தொடங்குபவரின் கைக்கு அந்த எண்கள் தரும் வேறுபாடு எதுவும் தெரியப் போவதில்லை. முதல் சில மாதங்களுக்கு ஏ4 தாள் கட்டு ஒன்றும் 0.5 மில்லிமீட்டர் மை பேனாவும் போதும் என்பதே என் உறுதியான கருத்து. மையை அழிக்க முடியாது என்பதால் கோடு போடும் முன் யோசிக்க வேண்டியிருக்கிறது, போட்ட தவறும் கண் முன்னேயே இருந்து பாடம் சொல்கிறது. கணினியில் அண்டூ விசையை அழுத்தி ஒரே வளைவைப் பலமுறை போட்டு, அதில் தற்செயலாக நன்றாக விழுந்த ஒன்றை வைத்துக்கொள்பவர், அந்த வளைவைப் போடக் கற்றுக்கொண்டதாக எண்ணிவிடுகிறார்.

டேப்லெட் வாங்கும் காலம் வரும்போது, திரையில்லாத சிறிய டேப்லெட்டையே பரிந்துரைப்பேன். இருநூறு, முந்நூறு ரிங்கிட் அளவில் நல்லவை கிடைக்கின்றன. கணினி ஏற்கெனவே இருக்கிறது. கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருக்க வேண்டியதைப் பலர் இதன் குறையாகச் சொல்வார்கள். சுட்டியைப் பார்க்காமல் திரையில் குறிவைத்தே பல ஆண்டுகள் ஆடியவருக்கு அந்தக் குறை விரைவில் மறைந்துவிடும். ஒன்றை மட்டும் முதல் நாளே சரிசெய்ய வேண்டும்: டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போகுமாறு அமைப்பில் மாற்றாவிட்டால், கை வட்டம் போடும், திரையில் நீள்வட்டம் விழும், கற்பவர் தம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். மென்பொருளுக்குக் கிரிட்டா போதும். அது இலவசம், பெர்ஸ்பெக்டிவ் துணைக்கோடுகளை உள்ளேயே கொண்டது, எம் விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திரும்பும். அப்படித் திருப்பியதும் முகத்தின் கோணல் மறைக்க முடியாதபடி வெளியே வந்துவிடும். ஐபேடும் அதில் இயங்கும் புரோகிரியேட் என்ற ஓவியச் செயலியும் மிக நல்ல கருவிகள்தான், கையோடு எடுத்துச் செல்லவும் முடியும். ஏற்கெனவே ஐபேட் வைத்திருப்பவர் வேறெதையும் வாங்கத் தேவையில்லை. ஓவியம் கற்பதற்காகவே புதிதாக ஒன்றை வாங்குவது என்றால், அந்தப் பணம் முடங்கும் அளவுக்கு முதல் ஆண்டில் அதனால் கூடுதல் பயன் கிடையாது. திரையுள்ள டேப்லெட்டுக்கும் இதையே சொல்வேன்.

வகுப்பில் சேர்வதா தனியாகக் கற்பதா என்பதில் எனக்குத் திட்டவட்டமான ஒரே விடை இல்லை, ஆசிரியரைப் பொறுத்தது. முதல் வகுப்பிலேயே அவரிடம், இந்தத் தோள் ஏன் தவறாகத் தெரிகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டு நகர்பவரிடம் இந்த மாணவர் தங்கமாட்டார். காரணத்தைக் கோடு போட்டுக் காட்டுபவர் கிடைத்தால் கட்டணத்தைப் பார்க்காமல் சேர்ந்துவிடலாம்.

எல்லாவற்றையும் வைத்து நான் அவளுக்குச் சொன்ன முடிவு இது. கட்டமைப்பு வழியை முதன்மையாகக் கொள்ள வேண்டும். வாரத்தின் வரையும் நேரத்தில் பாதியைப் பெட்டிக்கும் உருளைக்கும் தலைக்கும் கொடுத்துவிட்டு, மறுபாதியில் முதல் வாரத்திலிருந்தே பாத்திரத்தை வரைய வேண்டும், எவ்வளவு கோணலாக வந்தாலும் சரி. அந்தக் கோணலில்தான் அடுத்த வாரம் எதைப் பயில்வது என்ற விடை இருக்கிறது: கொம்பு ஒட்டவில்லை என்றால் தலையின் திண்மம், அங்கி விறைத்தால் துணி மடிப்பு, நிற்கும் உடல் சாய்ந்தால் தூக்குநூல். பாடத்திட்டத்தின் வரிசையை விட இந்த வரிசை சிறந்தது, ஏனெனில் தேவை முன்னே வருகிறது, விதி பின்னே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே போய் ஒரு தெருவையோ சில மனிதர்களையோ வரைய வேண்டும். குரூப் போஸ் படத்தை மேலேற்றிச் சரிபார்ப்பதை, படம் முடிந்த பின் மட்டும் செய்ய வேண்டும். அவள் இவற்றில் வெளியே போவதை மட்டும் முதலில் விரும்பவில்லை. வெயிலைக் காரணம் காட்டினாள். அஞ்சடியில் நிழல் இருக்கிறது என்றேன்.

கைப்பேசியில் மட்டும் விளையாடுபவர்களுக்கு இந்த முடிவில் ஒரு மாற்றம் தேவைப்படும். மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுபவர் நம்மிடையே ஏராளம். அதில் வரும் பாடாங், மலாய்ப் பழங்கதையில் புகழ்பெற்ற பலசாலியை அடியொற்றிய வீரன் என்பதால் அவனை வரைய விரும்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் ஐபிஸ் பெயிண்ட் செயலியில் விரலால் வரையத் தொடங்குவார்கள். விரல் கோட்டின் முனையையே மறைத்துவிடுவதாலும், சிறிய திரையில் தோளிலிருந்து கையை வீசிக் கோடு போட முடியாததாலும், கட்டமைப்புப் பயிற்சிக்கு அது ஏற்றதன்று. வரைவதைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, கைப்பேசியைப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்க்கவும், வரைந்ததைப் படமெடுத்து இடவலமாகத் திருப்பிச் சோதிக்கவும் பயன்படுத்தட்டும். வண்ணம் தீட்டும் கட்டம் வந்த பிறகு அந்தச் செயலிக்குத் திரும்பலாம். தாளில் போட்ட கோட்டைப் படமெடுத்து அதில் ஏற்றி, கீழே ஒரு லேயரில் வண்ணமிட்டால், சிறிய திரையும் அந்த வேலைக்குப் போதும்.